கான்ட்ராக்டர் கிளம்பின பிறகு: நூலகப் பணியாளர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கணும்?



போன எபிசோடின் கடைசியில் "லைப்ரரி கார்ப்பென்ட்ரி" என்று ஒன்றைப் பற்றி ரெண்டே நிமிஷம் பேசிவிட்டு முடித்துவிட்டேன். "நூலகத்துல எதுக்குத் தச்சு வேலை?" என்று சிலர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. பேச்சில் விட்டுப்போனதை எல்லாம் இந்தக் கடிதத்தில் நிதானமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், காபி போட்டுக்கிட்டு உட்காருங்க.

"பயிற்சி: அரை நாள்"

நான் ஓஸ்லோவில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். பெரும்பாலும் டேட்டா மைக்ரேஷன். அதாவது ஒரு பழைய சாஃப்ட்வேரில் இருக்கும் தகவலை எடுத்து, சுத்தம் செய்து, புதியதில் ஏற்றுவது. நூலக வேலைகளும் அவ்வப்போது வரும்.

இந்த மாதிரி ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: "பணியாளர் பயிற்சி: அரை நாள்." வேலை இழுத்துக்கொண்டே போய்ப் பணம் குறையும்போது, முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்துவிட்டேன். தப்பித்தவறி மிஞ்சினாலும், எந்த பட்டனை அழுத்தினால் புத்தகம் ரிட்டர்ன் ஆகும் என்று ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய ஒரு பி.டி.எஃப்.தான் கைக்கு வரும்.

அப்புறம் நான் அடுத்த வேலைக்குப் போயிடுவேன். மூணு மாசம் கழித்து ஒரு நூலகர் மெயில் போடுவார்: "ஒரே ஆசிரியர் நாலு இடத்துல தனித்தனியா வர்றார், சேர்த்துத் தர முடியுமா?" இதற்கு மணிக்கணக்கில் பில் போடலாம், எனக்கு வருமானம்தான். ஆனால் அந்த நாலு பேரும் உண்மையில் ஒரே ஆள்தானா என்று எனக்குத் தெரியாது. அது அவருக்குத்தான் தெரியும். விஷயம் தெரிந்தவர் கையில் கருவி இல்லை. கருவி வைத்திருப்பவனுக்கு விஷயம் தெரியாது.

நூலகப் பணியாளர் பயிற்சி என்று எது நடந்தாலும் நான் அதை இந்த அளவுகோலால்தான் பார்ப்பேன்: கான்ட்ராக்டர் கிளம்பின பிறகு, தன் நூலகத்தின் தகவலைத் தானே திறந்து பார்த்து, தானே சரிசெய்ய அவருக்கு முடிகிறதா?

கௌரியும் கெளரியும்

பிரச்சினை எப்படி இருக்கும் என்பதற்கு நம்ம மொழியிலேயே உதாரணம் சொல்கிறேன்.

"கௌரி" என்று டைப் அடிப்பதில் ரெண்டு வழி உண்டு. சரியான வழியில் க-வுக்கு அடுத்து ஔகாரக் குறி ஒன்று வரும். தவறான வழியில் கெ, ள என்று ரெண்டு எழுத்து வரும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இது வேறு சொல், அது வேறு சொல். பட்டியலில் பாதிப் புத்தகங்கள் ஒரு கௌரியிடமும் மீதி இன்னொரு கெளரியிடமும் போய் உட்கார்ந்திருக்கும். தேடுகிற வாசகருக்குப் பாதிதான் கிடைக்கும். மீதி நூலகத்தில் இல்லை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிடுவார்.

"கொ" இன்னும் நுணுக்கம். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு, கால் என்று ரெண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இதை யூனிகோடு விதிப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நிரலால் முடியும். கௌரி விஷயத்தில் அது முடியாது, ஏனென்றால் "கெள" என்பதும் முறைப்படி செல்லுபடியாகிற எழுத்து வரிசைதான். அது பிழை என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நார்வேயிலும் இதே கதைதான். இங்கே ஆ-வின் தலையில் ஒரு குட்டி வட்டம் போட்ட எழுத்து ஒன்று உண்டு. நார்வே மொழியில் அது அதிகாரபூர்வமாக நுழைந்தது 1917-ல். அதற்கு முந்தைய புத்தகங்களில் அதே ஒலிக்கு ரெண்டு ஆ சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்து அகரவரிசையில் கடைசி. விஷயம் தெரியாத சாஃப்ட்வேர் ரெட்டை ஆ-வை முதலில் கொண்டுபோய் வைக்கும். ஒரே குடும்பப் பெயர் பட்டியலின் ரெண்டு முனையிலும் கிடக்கும்.

வருஷத்தை எடுத்துக்கோங்க. பழைய பட்டியல்களில் 1987 என்பதைப் பகர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், முன்னால் காப்புரிமைக் குறி இருக்கும், பின்னால் ஒரு புள்ளி இருக்கும், சில இடங்களில் கேள்விக்குறியும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நூலக விதிகளில் காரணம் உண்டு. ஆண்டுவாரியாக எண்ணிப் பார்க்க நினைக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

தச்சு வேலை எப்படி ஆரம்பித்தது

1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா என்ற இருவர் விஞ்ஞானிகளுக்காக ஒரு நிரல் பயிற்சி தொடங்கினார்கள். பெயர் "சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி". பெரிய கட்டடம் எழுப்புவது பொறியாளர் வேலை. வீட்டில் ஒரு அலமாரி அடிக்கத் தச்சு வேலை தெரிந்தால் போதும். அந்த அளவுக்கு நிரல் கற்றுக்கொடுப்பது என்பதுதான் பெயரின் பொருள்.

2015 நவம்பரில் ஜேம்ஸ் பேக்கர் என்ற வரலாற்றாய்வாளர் இதை நூலகர்களுக்காக மாற்றி, லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் வாரம் ஒரு மாலை வீதம் நாலு மாலை வகுப்புகளாக நடத்தினார். அதுதான் முதல் லைப்ரரி கார்ப்பென்ட்ரி. அடுத்த சில வருஷங்களில் பல நாட்டு நூலகர்கள் சேர்ந்து பாடங்களைத் திருத்தி எழுதினார்கள். 2018-ல் "தி கார்ப்பென்ட்ரீஸ்" என்ற தாய் அமைப்பின் முறையான பாடத்திட்டங்களில் ஒன்றாகவும் ஆனது.

இங்கே ஓஸ்லோ பல்கலைக்கழக நூலகம் இந்த வகைப் பட்டறைகளை நடத்தி வருகிறது. வகுப்புக்கு வருவது பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும். கற்றுக்கொடுப்பவர்களிலும் கூட நின்று உதவுபவர்களிலும் நூலகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நிரல் கற்கும் இடமாக நூலகம் ஆகும்போது, "கம்ப்யூட்டர் வேலையா, ஐ.டி. டிபார்ட்மென்ட்டைக் கேளுங்க" என்ற பழக்கம் தானாகக் குறையும்.

வகுப்பு நடக்கும் விதம் நம்ம காலேஜ் லேப் மாதிரி இருக்காது:

• ஆசிரியர் ஸ்லைடு காட்ட மாட்டார். திரையில் ஒவ்வொரு வரியாக டைப் அடிப்பார், எல்லாரும் கூடவே அடிக்கணும். அவர் தப்பாக அடித்தால் அதுவும் பாடம்தான். எரர் வந்தால் எப்படிப் படிப்பது என்று கண்ணெதிரே பார்க்கலாம்.

• ஒவ்வொருவரிடமும் ரெண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட் இருக்கும். முடித்துவிட்டால் ஒரு நிறத்தை லேப்டாப் மேல் ஒட்டணும், மாட்டிக்கொண்டால் இன்னொன்றை. கையைத் தூக்கி "புரியல" என்று சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு இது பெரிய வரம். உதவியாளர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பார்.

• எல்லாருக்கும் பொதுவான ஒரு இணைய நோட்டு இருக்கும். கேள்வி, பதில், கட்டளை எல்லாம் அதில் சேரும். வகுப்பு முடிந்ததும் அதுவே குறிப்பேடு.

• பாடங்கள் எல்லாம் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மொழிபெயர்த்து நடத்தலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

ஓபன்ரிஃபைன்: ஒரு மதியத்துக்குள்

பாடங்களில் யூனிக்ஸ் ஷெல், கிட், எஸ்.க்யூ.எல்., பைத்தான் எல்லாம் உண்டு. நூலகர்களுக்கு முதலில் எதைக் காட்டலாம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஓபன்ரிஃபைன் என்பேன். கிட்டில் ஆரம்பித்தால் பாதிப் பேர் டீ இடைவேளையோடு கிளம்பிடுவாங்க.

ஓபன்ரிஃபைன் பார்க்க எக்செல் மாதிரிதான். 2010-ல் வேறு பெயரில் பிறந்து, கொஞ்ச காலம் கூகுள் கையில் இருந்து, 2012-லிருந்து ஓபன்ரிஃபைன் என்ற பெயரில் இருக்கும் திறமூல மென்பொருள் இது. பிரவுசரில் திறக்கும், ஆனால் ஓடுவது உங்கள் கணினியிலேயேதான்.

அதில் "கிளஸ்டர்" என்று ஒரு வசதி. இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வையுங்கள்:

த. ஜெயகாந்தன்
ஜெயகாந்தன், த.
ஜெயகாந்தன் த

கருவி ஒவ்வொன்றிலும் நிறுத்தக்குறிகளை எடுத்துவிடும், சொற்களைப் பிரிக்கும், அகரவரிசைப்படுத்தும், இரட்டிப்பை நீக்கும், மறுபடி ஒட்டும். மூணுக்கும் ஒரே விடை வரும். அதைத்தான் "கைரேகை" என்கிறார்கள். கைரேகை ஒன்றாக இருப்பவற்றைத் திரட்டி, "இதெல்லாம் ஒண்ணா?" என்று கேட்கும். ஆமாம் என்று நீங்கள் டிக் போட்டால் மட்டுமே சேர்க்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நூலகர் வேண்டும். "சுஜாதா", "எஸ். ரங்கராஜன்" என்ற ரெண்டு பதிவையும் எந்தக் கைரேகையும் இணைக்காது. தமிழ் வாசகர் இணைப்பார். "கல்கி" என்பது ஆசிரியர் பத்தியில் இருந்தால் ஆள், பத்திரிகைப் பெயர் பத்தியில் இருந்தால் இதழ். இதுவும் அப்படித்தான்.

இன்னொரு வசதி: நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாகும். எந்த இடத்துக்கும் பின்னால் போகலாம். அந்த வரிசையை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து, அடுத்த மாதம் வரும் பட்டியலில் ஓட்டலாம். ஒரு தடவை யோசித்துச் செய்த வேலை, பன்னிரண்டு மாசத்துக்கு உழைக்கும். எக்செலில் கையால் திருத்திப் பழகியவர்கள் இதைப் பார்க்கும்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்வார்கள்.

"ஏ.ஐ. வந்துடுச்சே, இதெல்லாம் அதுவே பண்ணாதா?" என்று கேட்பீங்க. பண்ணும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரே பெயரில் இருக்கும் ரெண்டு எழுத்தாளர்களை அது தைரியமாக ஒன்றாக்கிவிட்டால் கண்டுபிடிக்கப்போவது யார்? பட்டியலைத் திறந்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள் உள்ளே இருந்தால்தான் அந்த வேலையை இயந்திரத்திடம் நம்பிக் கொடுக்கவே முடியும்.

ஓஸ்லோவில் இதற்கு ஏன் இடம் இருக்கிறது

இந்த ஊரில் நூலகப் பயிற்சிக்கு நீண்ட கதை உண்டு. டைக்மான் என்பது ஓஸ்லோவின் பொது நூலகம். கார்ல் டைக்மான் என்ற புத்தகப் பிரியர் உயில் எழுதிவைத்த நூல்களோடு 1785-ல் திறந்தது. 1898-ல் அதன் தலைவரான ஹோகோன் நியூஹூஸ் அமெரிக்க நூலகங்களில் வேலை பார்த்துப் பழகியவர். டியூயி வகைப்பாடு, வாசகரே கைவைத்து எடுக்கும் திறந்த அலமாரி எல்லாவற்றையும் அவர்தான் இங்கே கொண்டுவந்தார். ஒருவர் வெளியில் போய்க் கற்றுவந்ததால் ஒரு நகரத்தின் நூலகமே மாறியது. பிறகு 1940-ல் ஓஸ்லோவில் அரசு நூலகப் பள்ளி வந்தது. அந்தப் படிப்பு இப்போது ஓஸ்லோமெட் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 1985-ன் பொது நூலகச் சட்டப்படி, ஒவ்வொரு நகராட்சியின் நூலகத் தலைவரும் அந்தத் துறையில் படித்தவராக இருக்கணும். நூலக விஷயங்களில் கூட்டமும் பயிற்சியும் நடத்துவது மாவட்ட அளவிலான நிர்வாகத்தின் கடமைகளில் ஒன்று. அதாவது பயிற்சி என்பது மேலதிகாரி மனசு வைத்தால் கிடைக்கும் சலுகை இல்லை, யாரோ ஒருவர் செய்தாகவேண்டிய வேலை.

இதற்கு மேல் டைக்மான் ஒரு படி போனது. 2010-களில் தன் நூலக மென்பொருளைக் கோஹாவின் மேல், தன் சொந்த நிரலாளர்களை வைத்தே கட்டியது. ஒரு நாவலின் பல பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் ஒரே படைப்பின் கீழ் கூடும்படி பட்டியலை மாற்றி அமைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நிரலைக் கிட்ஹப்பில் திறந்தும் வைத்தது. கோஹாவே நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சின்ன மாவட்டத்தின் நூலகங்களுக்காக எழுதப்பட்டது. பழைய அமைப்பு 2000-ம் ஆண்டைத் தாண்டாது என்று பயந்து 1999-ல் எழுதி, திறமூலமாக வெளியிட்டார்கள். இன்று இந்தியாவில் எத்தனையோ கல்லூரி நூலகங்களில் ஓடுவது அதுதான்.

சொந்த நிரலாளர் வைக்க எல்லா நூலகத்துக்கும் முடியாது. ஆனால் பட்டியல் தயாரிப்பவரும் நிரல் எழுதுபவரும் ஒரே மேஜையில் பேச ஒரு பொது மொழி வேண்டும். லைப்ரரி கார்ப்பென்ட்ரியின் நாலு பாடம் அந்தப் பொது மொழிக்குப் போதும்.

நம்ம ஊர்க் கணக்கு

வேலையில் இருப்பவருக்கே பயிற்சி என்ற யோசனைக்கு நாம் நார்வேயைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதில்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது நூலக வேலையில் அவருக்கு அனுபவமே கிடையாது. வந்த புதிதில் சலித்துப்போய்ப் பழைய வேலைக்கே திரும்பக் கேட்டவர். லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏகப்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925-ல் ஆளே மாறி வந்தார்.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929-லேயே அது கோடைக்கால நூலகப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. 1931-ல் பல்கலைக்கழகம் அந்தப் பயிற்சியை ஏற்றுக்கொண்டது. உலகமெங்கும் நூலக மாணவர்கள் இன்றும் படிக்கும் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931-ல்தான். ஒருவருக்குக் கிடைத்த பயிற்சி நாலே வருஷத்தில் ஒரு மாகாணத்துக்கான பயிற்சியாக மாறியிருக்கிறது. ஒருவரை நன்றாகத் தயார் செய்து, அவரைக் கற்றுக்கொடுக்க விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்?

*நூலகத்தில் வேலை பார்ப்பவர் என்றால்:* உங்கள் பட்டியலில் இருந்து ஐநூறு பதிவுகளை மட்டும் சி.எஸ்.வி. கோப்பாக எடுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு என்று நாலு பத்தி போதும். ஓபன்ரிஃபைனில் திறந்து, பதிப்பாளர் பத்தியில் கிளஸ்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரே பதிப்பகம் எத்தனை வேஷத்தில் வருகிறது என்று பார்த்தாலே உற்சாகம் வந்துடும். ஒன்று மட்டும் கவனம்: உறுப்பினர் பெயர், யார் எதை இரவல் வாங்கினார் என்ற தகவலைப் பயிற்சிக்கு எடுக்கவே எடுக்காதீங்க. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். ஐரோப்பாவில் சட்டப் பிரச்சினையும் ஆகும்.

*நூலகத் தலைவர் என்றால்:* பாடம் இலவசம், கருவி இலவசம். விலை கொடுக்கவேண்டியது நேரத்துக்குத்தான். ரெண்டு நாள் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் நேராகக் கவுன்ட்டரில் உட்காரவைத்தால் ஒரு மாசத்தில் எல்லாம் மறந்துடும். பட்டறை முடிந்த பிறகு வாரம் ரெண்டு மணி நேரம், சொந்தப் பட்டியலோடு, வேலை நேரத்திலேயே கொடுங்கள். தனியாக அனுப்பாமல் ரெண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கும்.

பட்டறைக்கு ஒரு வாரம் முன்னாலேயே லேப்டாப் அனுமதியைச் சரிபாருங்கள். அரசு லேப்டாப்புகளில் பெரும்பாலும் எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. ஆர்வமாக வந்தவர்கள் காலை முழுக்க "நிர்வாகி அனுமதி தேவை" என்ற பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை இல்லை.

*என்னைப் போன்ற ஐ.டி. ஆள் என்றால்:* உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் "நான் ஒரு ஆப் செய்து தரட்டுமா?" என்று கேட்காதீங்க. நீங்கள் வேலை மாறினதும் அந்த ஆப் அநாதையாகிவிடும். "உங்களுக்கு மாசாமாசம் எரிச்சல் தர்ற ஒரு லிஸ்ட் எது?" என்று கேளுங்க. அதை நீங்களே சரிசெய்து கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் செய்யவிடுங்கள். கீபோர்டை அவர் கையிலிருந்து வாங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். கார்ப்பென்ட்ரி ஆசிரியர் பயிற்சியிலும் அதை ஒரு ஒழுங்காகவே சொல்லித் தருகிறார்கள்.

ஒப்பந்தம் எழுதும் இடத்தில் இருந்தால் இன்னும் ஒன்று செய்யலாம். "பயிற்சி: அரை நாள்" என்ற வரியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்க. டேட்டாவைச் சுத்தம் செய்யும்போதே நூலகர் ஒருவரைக் கூட உட்காரவையுங்க. எனக்கு வேலை கொஞ்சம் மெதுவாகும். ஆனால் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் என் ஒரு நாள் தேடலை மிச்சம் பண்ணும், நான் கிளம்பின பிறகும் அந்த வேலை நிற்காது.

யாராவது தமிழ் நூலகப் பட்டியலில் இதை முயற்சி செய்து பார்த்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்க. எத்தனை கௌரி, எத்தனை கெளரி கிடைத்தது என்ற கணக்கோடு எழுதினால் இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் அந்தக் கணக்குகளை வைத்தே பேசலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.